எடுத்து வைத்த பிறகுதான் பண்டிகை!

ராஜபாளையம் பக்கம் மில் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. போனஸ் வருவது தீபாவளிக்கு. பண்டிகை வருவது டிசம்பர் 25-க்கு. நடுவே ஒன்றரை மாதமோ, இரண்டு மாதமோ இடைவெளி. பணம் அதுவரை பீரோவுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்குமா? தெருவெல்லாம் வெடிச் சத்தம். நம் வீட்டுப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் புது மிக்ஸி வந்து இறங்கும். டிசம்பர் பிறக்கும்போது கையில் மிஞ்சியிருப்பது போனஸ் ஸ்லிப் மட்டும்தான்.

"தீபாவளிக்கு எனக்கு போனஸ், கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கடன்" என்பார் என் நண்பர் ஒருவர்.

அரசாங்க உத்தியோகஸ்தர்கள் கொஞ்சம் பரவாயில்லை. பண்டிகை முன்பணம் என்று ஒன்று உண்டு. பத்துத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஜனவரியில் பிடிக்க ஆரம்பித்தால் அக்டோபரில் முடியும். அதாவது, பெத்லகேமில் மாட்டுத் தொழுவத்தில் காலணாச் செலவில்லாமல் பிறந்த குழந்தையின் பிறந்தநாளுக்கு, நம்மாள் பத்து மாதம் தவணை கட்டுகிறார்! பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஜவுளிக்கடைக்காரருக்கு இவ்வளவு, பேக்கரிக்கு இவ்வளவு, கறிக்கடைக்கு இவ்வளவு... சரி, யாருக்காகப் பண்டிகையோ அவருக்கு எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கோயிலில் ஐயர் (நெல்லைச் சீமை சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், குழம்ப வேண்டாம்) வருஷா வருஷம் பிரசங்கத்தில் கேட்பார். ஆனால் பதில் பிரசங்க மேடையில் இல்லை. வீட்டில், அதுவும் முக்கால்வாசி சமையலறையில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூர் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் தேவதானம் என்று ஓர் ஊர். மாமரம், தென்னை, வயல் என்று பச்சைப் பசேலென்ற இடம். 'தேவதானம்' என்பது பழைய நில நிர்வாகச் சொல். மன்னர்கள் கோயிலுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு அந்தப் பெயர். விளைச்சலில் ராஜாவுக்கு என்ன, குடியானவனுக்கு என்ன என்று பங்கு போடுவதற்கு முன்பே 'இது சாமிக்கு' என்று எடுத்து வைத்தாயிற்று.

அந்த ஊர்ச் சிவன் கோயில் சுவாமியின் பெயர் இன்னும் சுவாரஸ்யம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. சோழ ராஜா ஒருவன் பாண்டியனுக்கு அழகான பட்டாடை ஒன்றைப் பரிசாக அனுப்பினானாம். ஆடை முழுக்க விஷம். அதிலிருந்து பாண்டியனைக் காப்பாற்றிய ஈஸ்வரன் என்று தலபுராணம். பண்டிகைக்குக் கடனில் எடுத்த ஜவுளியின் பில்லை ஜனவரியில் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். எந்த மதத்தவரானால் என்ன, நச்சாடை நச்சாடைதான்.

போகட்டும். கிறிஸ்தவ வீடுகளில் 'சாமிக்கு முதலில்' என்பதை எப்படிச் செய்கிறார்கள்?

கைப்பிடி அரிசி என்று ஒரு பழக்கம். நெல்லைச் சீமைச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக உண்டு. சோறு வடிக்க அரிசியை அளந்து போடும்போது, உலையில் போடுவதற்கு முன்னால், அம்மா ஒரு பிடி அள்ளித் தனிப் பானையிலோ டப்பாவிலோ போட்டு வைப்பாள். அது ஆண்டவருக்கு. வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். வீட்டில் எத்தனை பஞ்சம் இருந்தாலும் அந்த டப்பாவில் கை வைக்கக் கூடாது. மாமியார் பார்த்துவிட்டால் தொலைந்தது!

பிடி அரிசிதானே என்று நினைக்காதீர்கள். கணக்குப் போடுங்கள். ஒரு பிடி 40 கிராம் என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு 80 கிராம். 30 நாளைக்கு 2 கிலோ 400 கிராம். சபையில் 200 குடும்பம் இருந்தால் மாதம் 480 கிலோ. ஏறக்குறைய அரை டன்! ஒரு வீட்டிலும் சாப்பாடு குறைந்திருக்காது. நம்முடைய ரெக்கரிங் டெபாசிட் தத்துவம் இதுதான். வட்டி மட்டும் வேறு இடத்தில் ஏறுகிறது.

இந்த மாதிரிச் சின்னச் சின்னக் காணிக்கைகளை நம்பித்தான் 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமானது. வெள்ளைக்காரன் பணம் வேண்டாம், நம் ஜனங்கள் கொடுப்பது போதும் என்று துணிந்தவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளைக்காரர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு வருஷம் கழித்து, வங்காளத்தில் செராம்பூரில், தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. தொடங்கிய தேதியைப் பாருங்கள்: 1905 டிசம்பர் 25. நாமெல்லாம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்துத் தூங்குகிற நாளில் அவர்கள் சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள்! 1912-ல் அசரியா தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப் அவர்தான்.

மிசோரத்திலும் இதே பழக்கம் 1910-லிருந்து இருக்கிறது. அங்கே பெயர் 'புஃபை தாம்'. நம்ம ஊர்ப் பிடியும் அவர்கள் பிடியும் ஒரே அளவா என்று யாராவது அளந்து பார்த்தால் தேவலை.

அடுத்தது தசமபாகம். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. இதிலும் சூட்சுமம் 'முதலில்' என்பதில்தான். எல்லாச் செலவும் போக மிஞ்சுவதில் கொடுப்பதென்றால் எந்தக் குடும்பஸ்தனாலும் முடியாது. மிஞ்சினால்தானே! ஆகவே சம்பளக் கவர் வந்த அன்றே தனிக் கவரில் போட்டு பைபிளுக்குள் வைத்துவிடுவது. வருமான வரிக்காரர்கள் டி.டி.எஸ். என்று கண்டுபிடித்தார்களே, அதேதான். கைக்கு வருமுன் பிடித்துவிட்டால் வலி தெரியாது. இப்போது சம்பளம் பேங்கில் விழுகிறது, கவர் இல்லை. ஆனாலும் ஒன்றாம் தேதி சாயங்காலம் ஏ.டி.எம். போய் எடுத்து வந்து, பழையபடி கவரில் போட்டு, அதே பைபிளுக்குள் வைக்கிற ஒரு ரிடையர்டு டீச்சரம்மாவை எனக்குத் தெரியும். "போன்லயே அனுப்பலாமே டீச்சர்?" என்று கேட்டேன். "அனுப்பலாம் தம்பி. ஆனா பேரப்பிள்ளை பாக்காதே!" என்றார்.

அந்த டீச்சரம்மா வீட்டில் டிசம்பர் மாதம் எப்படிப் போகிறது என்று சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ராத்திரி எட்டு மணி. டி.வி. ஆஃப். (இதற்கே ஒரு தனி மகாபாரதம் நடக்கும்.) செல்போன்கள் எல்லாம் ஃபிரிட்ஜ் மேலே. ஹாலில் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், ஒரு ஜெபம். இருபது நிமிஷம். ஜெபம் முடிந்து ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தட்டில் சோறு. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களை விடச் சாமர்த்தியசாலிகள் பிள்ளைகள். யோவான் சுவிசேஷம் 11-ம் அதிகாரம் 35-ம் வசனம் என்று ஒன்று இருக்கிறது. மூன்றே வார்த்தை! தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் முதலில் மனப்பாடம் ஆவது அதுதான். "அது தவிர வேற சொல்லு" என்று டீச்சரம்மா டிசம்பருக்கு மட்டும் ஸ்பெஷல் ஆர்டர் போட்டிருக்கிறார். லூக்கா இரண்டாம் அதிகாரம், தினம் ஒரு வசனம். 25-ம் தேதிக்குள் பிறப்புக் கதை முழுவதும் ஒப்பிக்க வந்துவிடும்.

அந்த இரண்டாம் அதிகாரத்தை ஆபீஸில் வேலை பார்க்கிற எவரும் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். கதை எப்படித் தொடங்குகிறது தெரியுமோ? கவர்மென்ட் சர்க்குலரோடு! ரோம் சக்கரவர்த்தி குடிமதிப்பு எடுக்கச் சொல்லி உத்தரவு போடுகிறார். அவரவர் சொந்த ஊருக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும். யோசேப்பு என்கிற தச்சர், நிறைமாத கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். போன இடத்தில் தங்க ரூம் இல்லை. மனுஷன் ஒரு வார்த்தை முணுமுணுத்ததாக எழுதவில்லை. சுவிசேஷங்கள் நான்கிலும் யோசேப்புக்கு ஒரு வசனம்கூட டயலாக் கிடையாது! குடும்பத்துக்காக அலைந்துவிட்டு வாயைத் திறக்காத ஓர் ஆண்பிள்ளை. நம்மில் பாதிப் பேருக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி இல்லை? இத்தாலியிலிருந்து வந்து, காமநாயக்கன்பட்டிப் பக்கமெல்லாம் ஊழியம் செய்து, தமிழ்ப் புலவராகவே ஆகிவிட்ட வீரமாமுனிவர், 1726-ல் பாடிய 'தேம்பாவணி'க்கு இந்த யோசேப்பைத்தான் கதாநாயகன் ஆக்கினார். வளன் என்று தமிழ்ப் பெயரும் வைத்தார்.

வீரமாமுனிவர் கத்தோலிக்கர். சீர்திருத்த சபைக்காரர்களின் கதை இந்தப் பக்கம் கூடாரத்தில் ஆரம்பிக்கிறது. தாமஸ் ராக்லண்ட் என்று ஒருவர். கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெலோ. சௌக்கியமாக அங்கேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். 1854 முதல் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கூடாரம் அடித்து, பிடுங்கி, அடுத்த ஊரில் அடித்து என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1858-ல் சிவகாசியில் இறந்துபோனார். கட்டடமும் மணிக்கூண்டும் வருவதற்கு முன்னால் இங்கே இருந்தது இப்படி நாலு பேர் கூடி உட்கார்ந்த ஜெபம்தான். ஹாலில் பாய் விரிப்பது ஒன்றும் சில்லறைச் சமாசாரம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் விடிகாலையில் பஸ் பிடித்திருக்கிறீர்களா? ஆண்டாள் ஊர். மார்கழி பிறந்தால் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கிறிஸ்துமஸ் வருவது மார்கழி ஒன்பதோ பத்தோ தேதிக்கு. ஒரே பனி, ஒரே இருட்டு, இரண்டு பக்கமும் பாட்டு. பாவை நோன்புக்காரப் பெண்கள் நெய் வேண்டாம், பால் வேண்டாம், கண்ணுக்கு மை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். இருபத்தேழாம் பாட்டில்தான் நெய் ஒழுக ஒழுகச் சாப்பாடு. அதுவரை பொறுத்திருக்க வேண்டும். கத்தோலிக்கர்கள் 'திருவருகைக் காலம்' என்கிற, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் விஷயமும் அதுவே. பீடத்தில் ஊதாத் துணி. ஆடம்பரம் குறைச்சல். அந்த நாட்களில் கல்யாணத்தைத் தவிர்ப்பது பழைய வழக்கம். மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆக, இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் டிசம்பரில் மண்டபக்காரருக்குத்தான் நோன்பு!

இந்தக் காத்திருப்புதான் இப்போது காணாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். டிசம்பர் ஒன்றாம் தேதியே கேக் வெட்டிவிடுகிறார்கள். ஆபீஸில் ஒன்று, காலனியில் ஒன்று, பிள்ளைகள் ஸ்கூலில் ஒன்று. 25-ம் தேதி வரும்போது வயிறும் மனசும் நிறைந்து, திகட்டிப்போய் ஏப்பம் விடுகிற நிலைமை.

கத்தோலிக்க வீடுகளில் குடில் கட்டுவது காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிற நல்ல வித்தை. பத்து நாள் முன்னாலேயே பிள்ளைகள் கிண்ணத்தில் மண் போட்டு கேழ்வரகு விதைத்துவிடும். முளைப்பாரி மாதிரி. பண்டிகைக்குள் பச்சையாக எழும்பிவிட்டால் அதுதான் பெத்லகேம் புல்வெளி. மாடு, ஆடு, மேய்ப்பர், மாதா, சூசையப்பர் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தொட்டி மட்டும் காலி. பாலன் சொரூபம் 24-ம் தேதி நள்ளிரவில்தான் வரும். சில வீடுகளில் பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் அந்தத் தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம். தம்பியை அடிக்காமல் இருந்தது ஒரு வைக்கோல். அம்மா சொல்லாமலே கடைக்குப் போனது ஒரு வைக்கோல். பாலன் வரும்போது மெத்தையா கட்டாந்தரையா என்பது இவர்கள் கையில். குடில் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் அசிசி பிரான்சிஸ். இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில், 1223-ல், நிஜ மாடும் கழுதையும் வைத்து! 800 வருஷம் ஓடிவிட்டது.

மற்ற அலங்காரங்கள் அவ்வளவு பழசில்லை. விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கிற படம் லண்டன் பத்திரிகையில் 1848-ல் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் மரம் பரவியது. வாழ்த்து அட்டை 1843. அதை அச்சடிக்கிற வேலை பிற்காலத்தில் நம்ம சிவகாசிக்கு வந்து சேர்ந்தது. வாசலில் தொங்குகிற பல முனை நட்சத்திரம், ஜெர்மனியில் மொரேவிய சபைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகள் செய்த காகித உருவத்திலிருந்து வந்தது. ஜியோமெட்ரி பரீட்சையில் பெயிலானவர்கள் எல்லாம் அதை இப்போது சந்தோஷமாகத் தொங்கவிடுகிறார்கள்.

பண்டிகையில் பக்தி குறைகிறது என்ற புலம்பலும் புதுசில்லை. 1647-ல் இங்கிலாந்து பார்லிமென்ட் 'குடியும் கூத்துமாக இருக்கிறது' என்று பண்டிகையையே தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1659-ல் சட்டம் போட்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்! 22 வருஷம் அந்தச் சட்டம் இருந்தது. போட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை, மகா பக்திமான்கள். அந்தப் பரம்பரைச் சபைக்காரர்கள் அனுப்பிய மிஷன்தான் 1834-ல் மதுரைக்கு வந்து பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியது. அந்த மதுரைப் பக்கச் சபைகள் இன்று டிசம்பர் முழுக்க கேரல் பாடுவதைப் பழைய மாசசூசெட்ஸ் மாஜிஸ்திரேட் பார்த்தால் அபராதப் பணத்தை எண்ணி மாளாது. பண்டிகையை ஒழித்துப் பக்தியைக் காப்பாற்ற முடியவில்லை என்பது சரித்திரம்.

கேரல் ரவுண்ட்ஸ் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது கிறிஸ்துமஸ் தாத்தாவாகத்தான் இருக்கும். பாவம், சபையில் ஒல்லியான வாலிபன் ஒருவனைப் பிடித்து, வயிற்றில் தலையணை கட்டி, பிளாஸ்டிக் முகமூடி மாட்டி, சிவப்புச் சட்டைக்குள் அடைத்துவிடுவார்கள். ராத்திரி ஒரு மணிக்கு, முப்பதாவது வீட்டில், வேர்த்து விறுவிறுத்து அவன் ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதுவும் ஒருவகைத் தவம்தான். ஆனால் ரவுண்ட்ஸின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர் வீட்டுக்குத் தவறாமல் போவார்கள். வருஷத்தில் பல ஞாயிறு கோயிலுக்கு வர முடியாதவருக்கு அன்றைக்குக் கோயிலே வீட்டுக்கு வருகிறது. ஒரு கீர்த்தனை, ஒரு வசனம், ஒரு ஜெபம், அப்புறம் சுக்குக் காபி. அந்த நேரத்தில் தாத்தா வேஷக்காரப் பையன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பான்.

பாட்டும் இரவல் இல்லை. தஞ்சாவூரில் சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்த வேதநாயக சாஸ்திரியார் - பிறந்தது 1774-ல் திருநெல்வேலியில் - கர்னாடக ராகத்தில் போட்டுக் கொடுத்த கீர்த்தனைகள் இன்னும் ஓடுகின்றன. கீபோர்டு பையன் அவற்றுக்கு டிஸ்கோ அடி கொடுத்தாலும் தாங்கிக்கொள்கின்றன.

சரி, கணக்குக்கு வருவோம். கடன்கார நண்பர் என்ன ஆனார்? போன வருஷம் அவர் வீட்டில் ஒரு மாறுதல். போனஸ் ஸ்லிப் வந்த அன்றே மனைவி ஒரு தாளில் கோடு போட்டிருக்கிறார். முதல் வரி காணிக்கை. இரண்டாம் வரி, தெருக்கோடியில் தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்குப் புடவை. மூன்றாம் வரிதான் வீட்டுப் பிள்ளைகள் துணி. கடைசி வரியில் இவர் பெயர். எதிரே தொகை போடவில்லை!

"எனக்குச் சட்டை?" என்றாராம்.

"போன வருஷச் சட்டை நல்லாத்தானே இருக்கு? இஸ்திரி போட்டுத் தரேன்."

இஸ்திரி போட்ட பழைய சட்டையோடு கோயிலுக்குப் போனார். யாரும் கவனிக்கவில்லை என்பதில் அவருக்கு லேசாக வருத்தம். ஜனவரியில் தவணை இல்லை என்பதில் அந்த வருத்தம் போய்விட்டது. ஒன்றை மட்டும் அந்த அம்மாள் குறைக்கவில்லை. பலகாரம். ஏனென்றால் அதில் முக்கால் பங்கு வீட்டுக்கு இல்லை.

25-ம் தேதி விடிகாலை ஆராதனை முடிந்து வந்ததும் பிள்ளைகளுக்கு முதல் வேலை தட்டு கொண்டுபோவது. அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக், மேலே ஒரு துணி மூடி. இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று தெரு முழுக்க. தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இந்தப் பக்கம் இல்லை. கொஞ்சம் சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ போட்டுத்தான் வரும். சில தட்டு வரவே வராது. பொங்கல் வரை காத்திருக்கும்.

இங்கே ஒரு நாசூக்கான சங்கதி உண்டு. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பது கிறிஸ்தவர்களுக்குள் பவுல் அப்போஸ்தலர் காலத்து விவாதம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரம், பத்தாம் அதிகாரம் எல்லாம் அதுதான். டீச்சரம்மா சாப்பிட மாட்டார். வாங்க மாட்டேன் என்று அண்டை வீட்டாரின் முகத்தில் அடித்த மாதிரி சொல்லவும் அவருக்கு மனசு வராது. எத்தனையோ தெருக்களில் இதனாலேயே தட்டுப் போக்குவரத்து நின்று போயிருக்கிறது.

அவர் தெருவில் நிற்கவில்லை. தை முதல் தேதி காலை, வாசலில் நட்சத்திரம் இன்னும் இறக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே கையை நீட்டுகிறார். கையில் டிசம்பரில் போன அதே எவர்சில்வர் தட்டு. சர்க்கரைப் பொங்கலில் ஆவி பறக்கிறது.

"டீச்சர், உங்களுக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சிட்டேன். சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."